அந்தப் பாட்டில் கேட்கும் கிறீச் சத்தம்

ஏகாம்பரம் அண்ணன் பாடியிருக்கும் புதுப் பாட்டைப் பற்றி இரண்டு பேர் வாய்ச்சண்டை போடும் இடத்துக்கு மூன்றாவது ஆளாக நான் போனால், இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். "காசி வந்துட்டாரு, அவரையே கேளு" என்கிறார்கள். திருவண்ணாமலையில் வேறு எந்த மைக் செட்டுக்காரனுக்கும் இந்த மரியாதை கிடையாது. நானே சொல்லிக்கொள்கிறேனே என்று நினைக்காதீர்கள். வேறு யார் சொல்வார்கள்? என்னோடு தொழில் செய்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்குக் காது கேட்பதில்லை.

போன வாரம் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் இதேதான் நடந்தது. ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் போனில் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டு, செருப்புப் பாட்டு பாடின வாயா இது, பத்தியம் இருக்கிறவன் கஞ்சி குடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் டீ வாங்க வந்தவர், புரியாவிட்டால் போனை அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, நான் கடையைத் திறந்ததும் முதலில் கேட்பது அதைத்தான் என்றார். ஆட்டோக்காரர் விடவில்லை.

"சரிம்மா, பாட்டு புரியுதுன்னே வச்சிக்குவோம். நடுநடுவுல துருப்பிடிச்ச கேட்டைத் திறக்கிற மாதிரி கிறீச்சுனு ஒண்ணு வருதே, அது என்னா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நின்றுகொண்டே சொல்லிவிட்டுப் போகிற விஷயமா அது?

இப்போது நம் ஒலி ஒளிச் சங்கத்துப் பிள்ளைகள் மலர் போடுகிறார்களாம். பெரியவர் நீங்கள் உங்கள் அனுபவத்தைச் சுருக்கமாக எழுதிக் கொடுங்கள் என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள். இவர்கள் கையில் இப்போது விரலால் தேய்த்தால் சத்தம் ஏறுகிற மிக்சர் இருக்கிறது. என்னைவிட நன்றாகத்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் நான் அப்படிச் சொன்னதாக அவர்களிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். அதிலும் நாலாவதை இரண்டு தடவை படித்தேன். எனக்கு எழுத்து நன்றாக வந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, குழாய் ஸ்பீக்கரின் வாயில் கம்பெனிப் பெயரைப் பெயிண்டால் எழுதி எழுதித்தான். அந்த எழுத்து நாலு தெருவுக்குத் தெரிய வேண்டும். சுருக்கமாக எழுத எனக்கு வராது.

எங்களுக்கு ஊர் அடி அண்ணாமலை. அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். எனக்கு மாடு சொன்னபடி கேட்கவில்லை, ஆகவே டவுனுக்கு ஓடினேன். ராஜு சவுண்ட் சர்வீசில் குழாய் தூக்கினேன், மரம் ஏறினேன், ஒயர் இழுத்தேன், பேட்டரி சுமந்தேன். கிரிவலப் பாதையில் அந்தக் காலத்தில் நின்ற தென்னையில் நான் ஏறிக் குழாய் கட்டாத மரம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி எங்கள் சத்தம்தான். பிறகு ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்காரவிட்டார்கள். பிறகு கடையே என் கைக்கு வந்தது. கற்றுக்கொண்ட கதை இவ்வளவுதான். மற்றதைத் தோள்பட்டையில் இருக்கிற தழும்பு சொல்லும்.

ஆனால் முதலாளியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது.

ராஜு முதலாளி சத்தத்தை விற்றுப் பிழைத்தாரே தவிர, அவர் வாயிலிருந்து சத்தம் வந்து யாரும் கேட்டதில்லை. மைக்கைச் சோதிக்க எல்லாரும் "ஹலோ ஹலோ" என்பார்கள். அவர் ஒரு தடவை இருமுவார். பிறகு பந்தலின் கடைசிக்கு நடந்துபோய், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று கேட்பார். அங்கே பேச்சு புரிய வேண்டும், குழந்தையும் தூங்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் தலையை ஆட்டுவார். தப்புச் செய்தால் திட்ட மாட்டார். உனக்கு வந்த டீயை எடுத்துத் தான் குடித்துவிடுவார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் நிறைய டீ குடித்தார்.

நிகழ்ச்சிக்கு முன்னால் கத்துகிற இரும்பு எதுவாக இருந்தாலும் எண்ணெய் விட வேண்டும் என்பது அவருடைய சட்டம். மைக் ஸ்டாண்டு, ஃபேன், மேடை நாற்காலி, பந்தல் கேட் எல்லாவற்றுக்கும்தான். மைக் நல்லது கெட்டது பார்க்காது, கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போய் ஊருக்குக் கொடுத்துவிடும் என்பார். ஒரே ஒரு இரும்புக்கு மட்டும் விலக்கு. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஆபரேட்டர் உட்காரும் மடக்கு நாற்காலியை யாரும் தொடக் கூடாது. "ஆபரேட்டர் நாற்காலி கத்தணும்டா. அப்பதான் அவன் தூங்க மாட்டான்." அந்த நாற்காலி பிறகு எனக்கு வந்தது. அதில் உட்கார்ந்து மூச்சு விட்டாலே கத்தும். என் தொழில் வாழ்க்கை முழுவதும் அதன்மேல்தான் நடந்தது. நான் தூங்கியதே இல்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன் வாழ்த்துச் சொல்கிறேன் என்று மைக்கை வாங்கிவிட்டு, தன்னைக் கேட்காமல் நிச்சயம் செய்துவிட்டார்கள் என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முகம் சுண்டிப்போயிற்று. பந்தலில் இருந்த அத்தனை பேரும் கையால் எங்களுக்கு ஜாடை காட்டினார்கள், அமுக்கு, அமுக்கு என்று. என் கை சத்தத்தைக் குறைக்கிற திருகில் இருந்தது. முதலாளி என் கையை எடுத்து என் மடியில் வைத்தார். மாமன் எல்லாரையும் திட்டினார், தன் அக்காவைத் திட்டினார், தன்னையே திட்டிக்கொண்டார், கடைசியில் அந்தப் பெண் சின்ன வயதில் தன் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்ததைச் சொல்லித் தேம்பிவிட்டு, நல்லா இரும்மா என்று முடித்தார். மாப்பிள்ளையின் அப்பாவே போய் அவரைக் கட்டிக்கொண்டார். வண்டியில் சாமான் ஏற்றும்போது முதலாளி சொன்னார்:

"கையில குடுத்துட்டா அப்புறம் மைக்கு நம்மளது இல்ல, அது அவன் வாய். அடைக்கிற வேலை நமக்கு வேணாம்."

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி ஏகாம்பரம் அண்ணனுக்கு வருகிறேன்.

அவருக்கும் அடி அண்ணாமலைதான். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினவர். பாட்டு தானே கட்டுவார், தானே பாடுவார், அடுத்தவர் பாட்டைப் பாடச் சொன்னால் எழுந்துபோய்விடுவார். முதன்முதலாக ஒரு கோயில் திருவிழாவில் அவருக்கு நான் மைக் வைத்தேன். மேடைக்கு வந்தவர் நாற்காலியை எடுத்துத் திருப்பிப் போட்டு, சனங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்டால், மலை அந்தப் பக்கம் இருக்கிறதாம். மலையைப் பார்த்துத்தான் பாட்டு வருமாம்.

என் காலத்தில் மற்ற மைக் செட்டுக்காரர்கள் இதற்கே கும்பிடு போட்டுவிட்டு ஓடிப்போனார்கள். ஏன் என்று சொல்கிறேன். வழக்கமாகப் பாடுகிறவர் சனங்களைப் பார்ப்பார், மைக் அவரைப் பார்க்கும், ஸ்பீக்கர் பாக்ஸ் மைக்கின் முதுகுப் பக்கம், சனங்களை ஒட்டி இருக்கும். சத்தம் திரும்பி மைக்குக்குள் போகாது. ஏகாம்பரம் அண்ணன் திரும்பி உட்கார்ந்தால் மைக்கும் திரும்ப வேண்டும். அப்போது மைக் அவர் வாயையும் பார்க்கும், அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மொத்தக் கூட்டத்தையும் பார்க்கும், பாக்சையும் பார்க்கும். உடனே 'கூ' என்று ஊளையிட ஆரம்பித்துவிடும். நான் பாக்ஸைத் தூக்கி மைக்குக்குப் பின்னால், மேடையின் மலைப்பக்க ஓரத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஊளை நின்றுவிட்டது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள் பிறகு வந்து, அதுதான் சரி என்று சொன்னார்கள். சரி என்று எனக்கு முன்னமே தெரியும். கூட்டத்தில் யாராவது தும்மினால் அதுவும் பாக்ஸில் வரும், அது ஒன்றுதான் குறை. அன்றிலிருந்து எந்த ஊரில் நிகழ்ச்சி என்றாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, மலை எந்தப் பக்கம். இரண்டாவது கேள்வி, காசி வருகிறானா.

அந்தச் செருப்புப் பாட்டை உங்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

"கிழக்கு வாசல்ல கழட்டி வச்சேன்
மேற்கு வாசல்ல தேடி நின்னேன்
செருப்பு போனா போவட்டும் சாமி
காலை மட்டும் காப்பாத்து."

நம் ஊர்க் கோயிலில் ஒரு வாசலில் செருப்பை விட்டுவிட்டு இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்து திண்டாடாதவர் யார்? பாட்டைக் கேட்டுக் குருக்கள் வீட்டுப் பெண்கள்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன். நாலாவது வரி வரும்போது கூட்டமே கையைத் தட்டிக்கொண்டு பாடும். ஆட்டோ, டீக்கடை, காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றிலும் அதுதான் ஓடியது.

பிறகு அவர் பாடுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பல் போயிற்று என்றார்கள், ஏதோ சாமியாரிடம் மாட்டிக்கொண்டார் என்றார்கள், வெளிநாட்டுக்காரன் ஒருவன் கெடுத்துவிட்டான் என்றார்கள். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தார், புதுப் பாட்டோடு. தபலா இல்லை, ஆர்மோனியம் இல்லை. ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், நாம் வீட்டுக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் அடுத்த வரி வரும். டவுனில் ஒரு மண்டபத்தில் அவர் பாடியபோது நான் பின்னால் நின்று கேட்டேன். மண்டபத்துக்காரர்களே ஏற்பாடு செய்த வேறு ஒருவருடைய செட். நடுவில் மேடை நாற்காலி வேறு கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடிக்கவில்லை. என்னோடு வந்திருந்த என் மச்சினன் தனபாலுக்கும் பிடிக்கவில்லை. தொழிலில் அவன் என் வலது கை. நாற்காலிக்குக்கூட எண்ணெய் விடாத இவனெல்லாம் செட்டுக்காரனா என்று வழி நெடுக அந்தச் செட்டுக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தான்.

என் வீட்டுக்காரி பெயர் சரோஜா. அவளுக்குப் பிடித்துவிட்டது. வீட்டிலேயே இரண்டு கட்சி.

"என்னாங்க அப்படிப் பிடிச்சிடுச்சு அதுல?" என்று கேட்டேன். கோபம் வந்தால் நான் அவளுக்கு 'ங்க' போடுவேன்.

"அப்ப அந்த மனுசன் நம்மள சிரிக்க வச்சாரு. இப்ப அவரு பாடறாரு. உங்களுக்குத் தாளம் இல்லாட்டி சோறே எறங்காது" என்றாள்.

"பாட்டுக்குத் தாளம் வேணாமா?"

"நீங்க குறட்டை விடறது தாளத்தோடதான் இருக்குது. அதுக்காகக் கேட்டுக்கினு இருக்க முடியுமா?"

நான் தூங்கியதே இல்லை என்று மேலே எழுதியது வேலை நேரத்தைப் பற்றி.

அந்த வருஷம் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஏகாம்பரம் அண்ணனைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று பெரிய தகராறு. சொந்த ஊர்க்காரரைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு கட்சி. கூப்பிட்டால் செருப்புப் பாட்டுப் பாட வேண்டும் என்று இன்னொரு கட்சி. ஆள் அனுப்பிக் கேட்டார்கள். "அதெல்லாம் நான் பாடி முடிச்சாச்சு. புதுசுதான் பாடுவேன். நம்ம ஊர்லயே இத கடைசி வரைக்கும் கேக்க ஆள் இல்லன்னா, இனிமே நான் யாருக்கும் பாடல. மலைக்கு மட்டும் பாடிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினார். அவர் சொன்னால் செய்கிற ஆள். ஆகவே அன்றைக்கு நடந்தது வெறும் திருவிழாக் கச்சேரி இல்லை. பாட்டு முடிகிறவரைக்கும் ஓடினால் அந்த மனிதர் பாடகர், பாதியில் நின்றால் பழையபடி பஞ்சர் கடைக்காரர். எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

விழாத் தலைவர் நல்ல மனிதர், ஆனால் கூட்டம் கலைந்தால் அவருக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிடும். மத்தியானம் நான் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, காதோரமாகப் பேசினார். பழைய செருப்புப் பாட்டை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். கூட்டம் கிளம்புகிற மாதிரி இருந்தால் அண்ணன் மைக்கை அமுக்கிவிட்டு இதைப் போட்டுவிடு, அவரும் பழைய பாட்டைக் கேட்டதும் சிரித்துக்கொண்டு கூடவே பாடிவிடுவார், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை என்றார். பென் டிரைவைத் தானே செருகிவிட்டுப் போனார். நான் பாக்ஸைக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

ஏகாம்பரம் அண்ணன் பொழுது சாய வந்தார். அக்குளில் ஒரு பழைய மடக்கு நாற்காலி.

"அண்ணா, பக்கவாத்தியம் எத்தினி பேரு? மைக்கு எத்தினி வைக்கட்டும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு போதும்."

"அப்ப பக்கவாத்தியம் இல்லையா?"

"வந்துட்டுது" என்றார். நான் பின்னால் எட்டிப் பார்த்தேன், யாரும் இல்லை. அவர் வாக்கில் அர்த்தம் தேடுவதை நான் எப்போதோ விட்டிருந்தேன். நாற்காலியை மேடையில் வைத்துவிட்டு அம்மனைக் கும்பிடப் போனார். நான் மைக்கை மலைப்பக்கம் வைத்து, கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி, முதலாளியைப் போல ஒரு தடவை இருமிவிட்டு, பந்தலின் கடைசிக்கு நடந்துபோய்க் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. இதற்கிடையில் தனபால் எண்ணெய்க் கிண்ணத்தோடு மேடையைச் சுற்றி வந்ததை நான் பார்த்தேன். நிகழ்ச்சிக்கு முன்னால் அவன் செய்கிற வேலைதானே அது.

வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். மலை தெரிய வேண்டுமே. கூட்டம் நல்ல கூட்டம். பெண்கள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், சரோஜா உட்பட. இளவட்டங்கள் பின்னால் பைக் மேல். அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்ததும் பழைய பழக்கத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். முதல் பாட்டு புதுப் பாட்டுதான். அசையாமல் உட்கார்ந்து பாடின சின்னப் பாட்டு என்பதால் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டாவது பாட்டை ஆரம்பித்தார்.

"உக்காந்தேன்" என்று ஒரே இழுவையாக இழுத்துவிட்டு நிறுத்தினார். நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். மறுபடி பின்னால் சாய்ந்தார். நிறுத்தினது நிறுத்தினபடியே இருந்தார். மறுபடியும் முன்னால், பின்னால். அவர் தோள்பட்டை எனக்கு நன்றாகத் தெரிந்தது. தேடுகிறவனின் தோள் மாதிரி இருந்தது. பிறகு அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் தொழிலில் சத்தம் நின்றால் சனங்கள் பாடகரைப் பார்க்க மாட்டார்கள். திரும்பி எங்களைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கும் பந்தல் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருவன், "மைக்கு போச்சு!" என்று கத்தினான்.

மைக்தான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி இருக்கிறதே. அவன் கத்தின "மைக்கு போச்சு" இரண்டு பாக்சிலும் வந்து, கோயில் சுவரில் மோதி, ஊர் முழுவதும் கேட்டது. ஒரு நிமிஷம் ஒன்றும் புரியாமல் இருந்தார்கள். பிறகு பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்பும் பாக்ஸில் வந்தது. மைக் போனதாக இனி ஒருவனும் சொல்ல முடியாது. என் செட்டு அப்படி.

சிரிப்பு அடங்கினதும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. மைக் நன்றாக இருக்கிறது, பாடுகிறவர்தான் பாடவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பைக் ஒன்று கிளம்பியது. தலைவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்.

"காசி, போடு. பழசப் போடு. ஆளு ஒறைஞ்சி போயிட்டாரு."

என் கை எங்கே இருந்தது தெரியுமா? என் மடியில். முதலாளி எடுத்து வைத்த இடத்தில்.

"நான் மைக்கைக் குடுத்துட்டேங்க" என்றேன்.

"குடுத்தா? அவரு பேசாம உக்காந்துக்கினு இருக்காரே!"

"பேசாம உக்காந்தாலும் அது அவரு வாய்தான். அடைக்கணும்னா நீங்களே அடைங்க. இதோ திருகு. ஊரு பாக்கட்டும்."

தலைவர் திருகைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். கை வைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் தனபால் வந்தான். எண்ணெய்க் கிண்ணம் இன்னும் கையில் இருந்தது.

"மாமா, அந்த நாற்காலிக்கு எண்ணெய் விட்டுட்டேன்."

"அதுக்கு என்னாடா இப்ப?"

"டவுன் மண்டபத்துல கத்துச்சே, அது மண்டபத்து நாற்காலி இல்ல மாமா. இதே நாற்காலிதான். இப்பதான் அடையாளம் தெரியுது. அவரு பாடுவாரு, அது கத்தும். அவரு பாடுவாரு, அது கத்தும். அதுக்காகத்தான் சாஞ்சி சாஞ்சிப் பாக்குறாரு."

பக்கவாத்தியம் வந்துவிட்டது என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வந்த வித்துவானின் தொண்டையில் நாங்கள் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிட்டோம். இந்தத் தப்பை உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாது. அக்கறையில்லாத மைக் செட்டுக்காரனாக இருந்தால் எண்ணெயே விட்டிருக்க மாட்டான்.

நான் எழுந்தேன். எழுந்ததும் என் நாற்காலி கத்தியது. கிறீச்.

அதைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கம்பெனியில் எண்ணெய் காணாத ஒரே இரும்பு. மடக்கினேன். தலைவர், எங்கேய்யா போகிறாய் என்றார். பந்தலின் நடுவில், அத்தனை பேர் பார்க்க, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். நிகழ்ச்சி நடக்கும்போது மேடை ஏறுகிறவன் இல்லை நான். மைக் செட்டுக்காரன் கண்ணில் படாமல் இருந்தால்தான் அழகு. ஆனாலும் அன்றைக்கு நான் நடந்த நடையை, மேளம் வைத்து வந்த மாப்பிள்ளைகூட நடந்திருக்க மாட்டான்.

மைக்குக்குப் பக்கத்தில் நாற்காலியைப் பிரித்தேன். ஊருக்கே கேட்டது அதன் சத்தம். யாரோ சிரித்தார்கள். அண்ணன் திரும்பவில்லை, மலையைப் பார்த்தபடியே இருந்தார். அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"அண்ணா, இது கத்தும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து, தன் நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என்னுடையதில் உட்கார்ந்தார். முன்னால் சாய்ந்தார். அது அடித்தொண்டையில் முனகியது. பின்னால் சாய்ந்தார். கிறீச்சென்றது. இன்னொரு தடவை சாய்ந்து காது கொடுத்துக் கேட்டார். தம்புராவுக்குச் சேர்த்துக்கொள்கிற மாதிரி வாய்க்குள்ளேயே முனகி, தன் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார்.

"இது பெரிய மனுசன்டா காசி" என்றார். அதுவும் பாக்ஸில் வந்தது.

"உக்காந்தேன்." கிறீச். "எழுந்தேன்." கிறீச். "உக்காந்தது யாருன்னு நாற்காலிக்குத் தெரியும். எனக்குத் தெரியல."

இதுதான் பாட்டு. இதையே சுற்றிச் சுற்றி வந்தார். இவர் கேட்பார், அது சொல்லும். சில இடத்தில் இவர் கேட்கிறதுக்கு முன்னாலேயே அது சொல்லிவிடும், இவர் சும்மா இருப்பார். நான் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை அங்கிருந்து பார்த்த நான் சொல்கிறேன், பிறகு ஆளாளுக்குச் சொன்னதை நம்பாதீர்கள். பைக்கில் இருந்தவர்களில் முக்கால்வாசி போய்விட்டார்கள். ஆண்களில் பாதி எழுந்துபோய் டீக்கடையில் நின்றார்கள். நின்றவர்களில் சிலர் அங்கிருந்தே கேட்டார்கள். பெண்கள் எழுந்திருக்கவில்லை. வயல் வேலை முடித்துவிட்டு வந்த ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலி கத்தும்போதெல்லாம் தலையை ஆட்டினார். தலைவர் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசி வரைக்கும் பாடினார். முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் மைக்கைக் கும்பிட்ட பிறகுதான் தட்டினார்கள். தட்டினவர்கள் நன்றாகவே தட்டினார்கள். தட்டாதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் எழுந்து, ஏகாம்பரம், உனக்குப் புண்ணியமாப் போவட்டும், செருப்பப் பாடிடுப்பா என்று கேட்டுவிட்டார். எழுந்துபோய்விடுவார் என்று நினைத்தேன்.

அண்ணன் திரும்பவில்லை. "அத நான் பாடி முடிச்சிட்டேன் பெரியப்பா. நீங்கதான் இன்னும் முடிக்கல. நீங்களே பாடுங்க" என்றார்.

ஆரம்பித்தது யார் என்று தெரியாது. ஒரு குரல், பிறகு ஒரு வரிசை, பிறகு டீக்கடையில் நின்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். மைக் அவர்களைப் பார்த்துத்தானே இருக்கிறது. நான் திருகைக் கொஞ்சம் ஏற்றினேன். இரண்டு பாக்சிலும் எங்கள் ஊர் பாடியது. ஏகாம்பரம் அண்ணன் மலையைப் பார்த்தபடி, என் நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து, அதற்குத் தாளம் போட்டார். கிறீச், கிறீச்.

சாமான் ஏற்றும்போது பார்த்தால் அவரும் இல்லை, என் நாற்காலியும் இல்லை. அவருடைய நாற்காலி மட்டும் மேடை ஓரத்தில் இருந்தது. என்னுடையதை அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார், கேட்கக்கூட இல்லை. தனபால் ஓடிப்போய் வாங்கி வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். வித்துவானை ஒரு பாடகரிடமிருந்து பிரிக்கக் கூடாது. அந்த நாற்காலி இல்லாமல் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார மனசு வரவில்லை, அதோடு நானும் தொழிலை விட்டேன். கடை இப்போது தனபால் பெயரில் இருக்கிறது.

பிறகு யாரோ பிள்ளைகள் அண்ணனை வைத்து அந்தப் பாட்டை நல்லபடியாகப் பதிவு செய்து போனில் விட்டார்கள். நீங்கள் கேட்கிறீர்களே, இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறீர்களே, அந்தப் பாட்டில் வருகிற கிறீச் சத்தம் துருப்பிடித்த கேட் இல்லை, கதவும் இல்லை. அது ராஜு சவுண்ட் சர்வீசின் ஆபரேட்டர் நாற்காலி. பாட்டு ஏகாம்பரம் அண்ணனுடையது. பக்கவாத்தியம் என்னுடையது.

பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. சரோஜா அடுப்படியில் அதைப் போட்டால் நான் வெளியே வந்துவிடுவேன். ஆனால் அந்தக் கிறீச் வரும்போது மட்டும் காது உள்ளே போய்விடுகிறது. அவளுக்கு அது தெரியும், வேண்டுமென்றே சத்தத்தை ஏற்றுவாள். பாட்டைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். நாற்காலியில் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அவர் விட்டுப்போன நாற்காலி என் வீட்டு வாசலில் கிடக்கிறது. தனபால் விட்ட எண்ணெய் நல்ல எண்ணெய். இன்று வரைக்கும் அது வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அதில் மலையைப் பார்த்து உட்காருகிறேன். உட்கார்ந்த உடனே தூங்கிவிடுகிறேன்.